மழலையர் மையம் விதிப்படி நடக்கிறதா? சரிபார்ப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

மழலையர் மையத்தின் வாசலைத் தாண்டியதும் சுவரில் சட்டம் போட்ட ஓர் உரிமம் தொங்கும். பெற்றோர் பலர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, அரசு அனுமதி இருக்கிறது" என்று கட்டணத்தையும் நேரத்தையும் விசாரிக்கப் போய்விடுவார்கள். உரிமம் இருப்பது நல்லதுதான். இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம், அப்படியே திரும்பிவிடலாம். ஆனால் அந்தக் காகிதம் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: என்றோ ஒரு நாள் அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த இடத்தில் குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இன்று காலை பத்தேகாலுக்குக் கைக்குழந்தைகள் அறையில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. விதிகளில் முக்கியமானவை பெரும்பாலும் அந்தப் பத்தேகாலைப் பற்றியவை.

ஆகவே, ஒரு மையம் விதிப்படி நடக்கிறதா என்று சரிபார்ப்பது என்றால், இந்த அறையில் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான். அரசு சார்பில் சோதிக்க வரும் ஆய்வாளர்கள் செய்வதும் இதைத்தான். அவர்கள் எதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அதில் பெரும்பகுதியைப் பெற்றோரே செய்துவிட முடியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஊழியருக்கும் இது உதவும்.

உரிமம் வேறு, தரமதிப்பீடு வேறு

மூன்று விஷயங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது வழக்கம். முதலாவது உரிமம். கட்டடம், ஆட்கள், நிர்வாகம் ஆகியவை சட்டம் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவில்லை என்பதற்கான அரசின் அனுமதி இது. சில நாடுகளில் சில மணி நேரம் மட்டும் நடக்கும் வகுப்புகளுக்கோ மத அமைப்புகள் நடத்தும் மையங்களுக்கோ உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. "எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை" என்று ஒரு மையம் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்த விதியின்படி தேவையில்லை என்று கேட்டுவிட வேண்டும். விலக்கு பெற்ற இடத்துக்கு ஆய்வாளர் வராமலே போகலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தரமதிப்பீடு. உரிமம் பெற்ற மையங்களை மறுபடி ஆராய்ந்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று அரசு அமைப்பு தரும் மதிப்பீடு. எல்லா நாட்டிலும் இது கிடையாது. மூன்றாவது, தனியார் அமைப்பு தரும் அங்கீகாரச் சான்று. மையமே விரும்பி விண்ணப்பித்துப் பெறுவது. தந்த அமைப்பு நல்லதாக இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் உரிமத்தின் இடத்தை அது பிடிக்க முடியாது. விளம்பரப் பலகையில் என்னவோ மூன்றும் ஒரே அளவு எழுத்தில்தான் மின்னும்.

தரமதிப்பீடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். அங்கே 2012 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தர அமைப்பு நடைமுறையில் இருக்கிறது. கல்வித் திட்டம், உடல்நலமும் பாதுகாப்பும், கட்டடமும் சூழலும், ஊழியர் ஏற்பாடு, குழந்தைகளோடு பழகும் விதம், குடும்பத்தோடும் சமூகத்தோடும் உள்ள தொடர்பு, நிர்வாகமும் தலைமையும் என ஏழு பிரிவுகள். அவற்றுக்குள் 15 தரநிலைகள், 40 கூறுகள். ஏழில் ஏதாவது ஒன்று 'தரத்தை எட்ட முயல்கிறது' என்ற நிலையில் இருந்தால், மற்ற ஆறும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மொத்த மதிப்பீடும் அந்த நிலைக்கு இறங்கிவிடும். ஆறு பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர் ஒன்றில் தவறினால் ஃபெயில் என்று போடுவது மாதிரி. அதனால் மொத்த மதிப்பீட்டை மட்டும் பார்த்து ஒரு மையத்தை ஒதுக்குவதும் சரியில்லை, மெச்சுவதும் சரியில்லை. எந்தப் பிரிவில் இறங்கியது என்று பார்க்க வேண்டும். கல்வித் திட்டத்தை எழுதி வைப்பதில் பின்தங்கிய மையமும் குழந்தைகளைக் கண்காணிப்பதில் பின்தங்கிய மையமும் வெளியில் ஒரே பெயரோடுதான் தெரியும். இரண்டும் ஒன்றா என்ன?

ஆய்வாளர் என்ன செய்கிறார்

ஆய்வாளரின் வேலை மூன்று வழிகளில் நடக்கும்: பார்ப்பது, பேசுவது, ஆவணத்தைப் புரட்டுவது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதுதான் சோதனை.

டயப்பர் மாற்றிய பிறகு கை கழுவுவதை எடுத்துக்கொள்வோம். மையத்தின் நடைமுறைக் கோப்பில் அது படிப்படியாக எழுதப்பட்டிருக்கும். டயப்பர் மாற்றும் மேசைக்கு மேலே படத்தோடு ஒட்டியும் இருக்கும். ஆய்வாளர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, ஊழியர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்ப்பார். அப்புறம், சேர்ந்து சில வாரமே ஆன ஒருவரிடம், "அடுத்து என்ன செய்வீங்க?" என்று சாதாரணமாகக் கேட்பார். கோப்பு சொல்வதும், ஊழியர் சொல்வதும், கண் பார்ப்பதும் ஒன்றாக இருந்தால் சரி. கோப்பு பிரமாதமாக இருக்கிறது, குழாயடியில் சோப்பு இல்லை என்றால், அவர் குறித்துக்கொள்வது சோப்பைத்தான்.

மேலாளரை விட்டுவிட்டுப் புதியவரிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. விதி மேலாளரின் தலையில் மட்டும் இருந்தால், அவர் விடுப்பில் போன நாளில் விதியும் விடுப்பில் போய்விடும். பெற்றோரும் இதைச் செய்யலாம். சுற்றிக் காட்ட வரும் மேலாளரிடம் கேட்கும் அதே கேள்வியை அறையில் இருக்கும் பராமரிப்பாளரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆய்வு முன்கூட்டியே தெரிவித்து நடக்கிறதா, திடீரென்று நடக்கிறதா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2014இல் புதுப்பிக்கப்பட்ட மத்தியச் சட்டம், அரசு நிதியுதவி பெறும் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் உரிமம் பெற்ற மையங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் போய் ஆய்வு நடத்த வேண்டும் என்கிறது. முடிவுகளை மாநிலங்கள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. சொல்லிவிட்டு வரும் ஆய்வு பயனற்றது என்று நினைக்க வேண்டாம். ஆவணங்களை ஆற அமரப் பார்க்கவும் ஊழியர்களோடு பேசவும் அது வசதி. ஆனால் ஆள் எண்ணிக்கை போன்ற விஷயத்தில் திடீர் வருகைக்கு ஈடே இல்லை.

எண்ண வேண்டியது: ஆளுக்கு எத்தனை குழந்தை

நேரம் குறைவு, ஒன்றே ஒன்றைத்தான் சரிபார்க்க முடியும் என்றால் இதைச் சரிபாருங்கள். ஒரு பெரியவரின் பொறுப்பில் அதிகபட்சம் எத்தனை குழந்தைகள் இருக்கலாம் என்ற விகிதம்.

நாட்டுக்கு நாடு இது மாறும். 2 வயதுக்குக் கீழே என்றால், இங்கிலாந்தில் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், ஆஸ்திரேலியாவில் நான்கு குழந்தைகளுக்கு ஒருவர், நியூசிலாந்தில் முழுநாள் மையங்களில் ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். 2 வயதுக் குழந்தைகளுக்கு நான்கு பேருக்கு ஒருவர் என்று இருந்ததை இங்கிலாந்து 2023 செப்டம்பரில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று தளர்த்தியது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை 3 வயதுக்குக் கீழே பத்துக்கு ஒருவர், 3 முதல் 6 வரை இருபதுக்கு ஒருவர் என்கிறது. கைக்குழந்தைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் அழுகின்றன. ஆனாலும் எண்கள் இப்படி விலகி நிற்கின்றன என்றால், குழந்தைகளின் தேவையோடு செலவும் ஆள் கிடைக்கும் நிலவரமும் சேர்ந்துதான் இவற்றைத் தீர்மானித்திருக்கின்றன என்று பொருள். விதி சொல்லும் விகிதம் இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை. அதைத் தொட்டு நிற்பதாலேயே ஒரு மையம் சிறந்ததாகிவிடாது.

கணக்கு எளிது, ஆனால் நுணுக்கம் உண்டு. நான்குக்கு ஒருவர் என்ற விதியில் 12 கைக்குழந்தைகள் இருந்தால் மூன்று பேர் வேண்டும். பதின்மூன்றாவது குழந்தை வந்தால்? 13ஐ நான்கால் வகுத்தால் மூன்றேகால். மூன்றேகால் ஆளை வைத்துக்கொள்ள முடியாது, எனவே நான்கு பேர். எப்போதும் மேல் நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, யாரை எண்ணலாம் என்பது. குழந்தைகளோடு நேரடியாக இருப்பவரை மட்டும்தான். சமையலறையில் இருப்பவர், அலுவலக அறையில் போனில் பேசிக்கொண்டிருக்கும் மேலாளர், துப்புரவு செய்பவர், பயிற்சிக்கு வந்த மாணவர் ஆகியோரைச் சேர்த்துக் கணக்குக் காட்டும் மையங்கள் உண்டு. "மொத்தம் எட்டு பேர் வேலை செய்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. அந்த எட்டில் இந்த நிமிஷம் இந்த அறையில் எத்தனை பேர்?

நிமிஷம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இந்த விகிதத்தில் நாள் சராசரி பார்க்கக் கூடாது. மதியம் எல்லோரும் இருக்கும்போது கணக்கு அழகாகச் சரியாக வரும். கணக்கு இடிக்கும் நேரங்கள் வேறு. காலையில் திறந்த முதல் அரைமணி: குழந்தைகள் வந்துகொண்டே இருப்பார்கள், ஷிப்டுக்கு வர வேண்டிய இரண்டாவது ஆள் இன்னும் வந்திருக்க மாட்டார். ஊழியர்களின் சாப்பாட்டு இடைவேளை: ஒருவர் வெளியே போனால் அவர் இடத்துக்கு யார் வருகிறார்? குழந்தைகள் தூங்கும் நேரம்: தூங்குகிறார்களே என்று ஆளைக் குறைக்கும் ஆசை வரும். சில நாடுகளின் விதி அதற்கு ஓரளவு இடம் தரும், சிலவற்றில் அறவே கிடையாது. அப்புறம் மாலையில் மூடும் முன் கடைசி அரைமணி. பகல் பதினொரு மணிக்குச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் முடிந்தால் இந்த நேரங்களில் ஒன்றிலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. உங்கள் ஊர் விதி விகிதத்தை அறைக்கு அறை கணக்கிடச் சொல்கிறதா, கட்டடம் மொத்தத்துக்கும் சேர்த்தா? மொத்தமாகக் கணக்கிடலாம் என்றால், ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கும்போதே ஓர் அறையில் மட்டும் ஒருவர் ஏழு குழந்தைகளோடு திணறிக்கொண்டிருக்கலாம். சட்டப்படி தவறில்லாத ஏற்பாடு. குழந்தைக்கு நல்லதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

எண்ணிக்கை சரியாக இருப்பதும் கண்காணிப்பு நடப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் இருக்க வேண்டிய முற்றத்தில் மூன்று பேரும் ஒரே மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தால் விகிதம் பூர்த்தியாகிவிடும், சறுக்குமரத்தின் பின்பக்கம் யார் கண்ணிலும் படாது. அதனால்தான் ஆஸ்திரேலியச் சட்டம் விகிதத்தைத் தனியாகவும், எல்லா நேரமும் போதிய கண்காணிப்பு இருக்க வேண்டும் என்ற கடமையைத் தனியாகவும் வைத்திருக்கிறது.

சதுர மீட்டர் கணக்கு

இடத்துக்கும் விதி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு குழந்தைக்கு உள்ளே 3.25 சதுர மீட்டர், வெளியே 7 சதுர மீட்டர். நியூசிலாந்தில் உள்ளே 2.5, வெளியே 5. இந்தியாவின் 2013 கொள்கை 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறை என்கிறது, அதாவது தலைக்கு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட.

இதில் ஏமாற்றம் நிகழ்வது அளப்பதில்தான். குழந்தை விளையாடப் பயன்படும் இடத்தை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். நடைபாதை, கழிப்பறை, டயப்பர் மாற்றும் இடம், சாமான் அறை, நிரந்தரமாக நிற்கும் அலமாரிகள் எல்லாம் கழிந்துபோகும். 8 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 56 சதுர மீட்டர். 3.25ஆல் வகுத்தால் 17 குழந்தைகள் என்று வரும். ஆனால் அலமாரிகளுக்கு 3 சதுர மீட்டரும், கழிப்பறைக்குப் போகும் வழிக்கு நாலேகாலும் போனால் மீதி 48.75. இப்போது வகுத்தால் சரியாக 15. இரண்டு குழந்தைகள் வித்தியாசம். இரண்டு பேரின் கட்டணம் மாதாமாதம் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால், அலமாரியைக் கழிக்க மறந்துபோவது ஏன் என்று புரியும்.

தூங்கும் அறை

குழந்தை ஆபத்தில் சிக்கினாலும் சத்தமே வராத இடம் தூங்கும் அறை. அதனால் விதிகள் இங்கே கறாராக இருக்கும். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை தட்டையாக, அழுத்தினால் அமுங்கிப் போகாததாக இருக்க வேண்டும். தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை கூடாது. தொட்டில் கம்பிகளின் இடைவெளி சுமார் 60 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க விதி. பக்கச் சட்டத்தை மேலும் கீழும் இறக்கும் பழைய வகைத் தொட்டில்களை அங்கே 2011இல் தடை செய்தார்கள். சட்டம் கழன்று மெத்தைக்கும் அதற்கும் நடுவே குழந்தை சிக்கிக்கொண்ட விபத்துகள்தான் காரணம்.

தூங்கும் குழந்தையை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். நியூசிலாந்து விதியில் 5 முதல் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை, உடல் சூடு, மூச்சு, பொது நிலை மூன்றையும் பார்க்க வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது இதில் சேராது. மூச்சு வாங்குகிறதா என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் போய்க் குனிய வேண்டும்.

பார்த்த நேரத்தை எழுதி வைக்க ஒரு தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், நிறைய தெரியும். நிஜமாக நடந்த தாளில் நேரங்கள் 12.04, 12.13, 12.21 என்று கோணல் மாணலாக இருக்கும். நடுவில் பேனா மாறியிருக்கும், கையெழுத்து மாறியிருக்கும், ஓரிடத்தில் "விழித்தான், தண்ணீர் கொடுத்தேன்" என்று கிறுக்கியிருக்கும். 12.00, 12.10, 12.20, 12.30 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், நாலு குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி நிரப்பியிருந்தால், அது தூக்க நேரம் முடிந்தபின் ஒரே மூச்சில் எழுதியது என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: இன்னும் வராத நேரத்துக்கும் டிக் போட்டிருப்பது. மணி ஒன்றாகும்போது ஒன்றேகாலுக்கான கட்டத்தில் கையெழுத்து இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கைக்கு எட்டும் உயரத்தில்

மற்ற ஆபத்துகளைப் பார்க்கக் குனிந்து, குழந்தையின் உயரத்தில் கண்ணை வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை திறக்கும் குழாயில் வெந்நீர் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்கிறது நியூசிலாந்து விதி. கையை நீட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். விளையாட்டுச் சாதனங்களில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 89 மில்லிமீட்டருக்கும் 229 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்து ஆபத்தானது என்று அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. அந்த அளவில் உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பொம்மைகளுக்கு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை வைத்துச் சோதிக்கும் முறை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. ஜன்னல் திரைக் கயிறு, துப்புரவு மருந்து வைத்திருக்கும் அலமாரியின் பூட்டு, கேட்டின் தாழ்ப்பாள் ஆகியவற்றைத் தொட்டு இழுத்துப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. கேட் தானாக மூடிக்கொள்கிறதா என்று தள்ளிவிட்டுப் பாருங்கள். பாதியில் நின்றுவிட்டால் பெற்றோர் பரபரப்பாக வந்து போகும் காலையிலும் அது அப்படித்தான் நிற்கும்.

சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தில் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குழந்தைகள் சாப்பிடும்போது குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்று பெற்ற ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். மையத்தில் எங்கோ ஒருவர் இருக்கிறார் என்றால் போதாது. தொண்டையில் ஏதாவது அடைத்தால் கூப்பிட்டுவிட நேரம் இருக்காது என்பதே இதன் தர்க்கம். உங்கள் ஊர் விதியில் இது இல்லாவிட்டாலும் கேட்கத் தகுந்த கேள்வி.

சுவர் ஓவியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ணமயமான சுவர், புத்தம் புது பொம்மைகள், வாசலில் கேமரா ஆகியவை பெற்றோரின் மனதைக் கவர்வதற்கு. விதிகளில் இவற்றுக்கு அநேகமாக இடமே இல்லை, கேமராவைச் சில இடங்களில் கட்டாயமாக்கியிருப்பதைத் தவிர. என்னைக் கேட்டால், பழைய மேசையும் மங்கிய சுவரும் உள்ள ஒரு மையத்தில் பராமரிப்பாளர் தரையில் உட்கார்ந்து குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் அதற்குத்தான் மதிப்பு தருவேன்.

காகிதங்கள்

ஆவணங்களில் பல வகை. ஊழியர்களின் குற்றப் பின்னணிச் சோதனை, முதலுதவிச் சான்று, தகுதிச் சான்று இவற்றில் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். ஊழியர்களின் சொந்த ஆவணத்தைப் பெற்றோருக்குக் காட்ட மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் "எல்லோருடைய சோதனையும் நடப்பில் இருக்கிறதா, யார் அதைக் கண்காணிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். மருந்துப் பதிவேட்டில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தார், பெற்றோர் ஒப்புதல் எங்கே என்று இருக்க வேண்டும். அவசரக்கால வெளியேற்ற ஒத்திகையை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும். கடைசி ஒத்திகை எப்போது என்று கேளுங்கள். தேதியோடு, வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது, எது சரியாக நடக்கவில்லை என்றும் சொன்னால் நிஜமாகவே நடத்தியிருக்கிறார்கள்.

ஆய்வாளருக்கு மிகவும் பிடித்த வேலை இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. குழந்தைகளின் வருகைப் பதிவேடு ஒன்று, ஊழியர்களின் பணிநேரப் பட்டியல் இன்னொன்று. போன மாதம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்து, காலை ஏழரைக்கு எத்தனை குழந்தைகள் வந்திருந்தார்கள், எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்று பார்ப்பார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒழுங்காக இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். புதிதாகச் சேர்ந்த மேலாளர் தன் மையத்தைத் தானே சோதிக்க நினைத்தால் இந்த ஒரு வேலையில் தொடங்கலாம்.

அறிக்கையை வாசிப்பது

பல நாடுகளில் ஆய்வு அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும். இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பு, நியூசிலாந்தில் கல்வி ஆய்வு அலுவலகம், ஆஸ்திரேலியாவில் மாநில ஒழுங்குமுறை அமைப்புகளும் அவற்றின் மதிப்பீடுகளைத் திரட்டி வெளியிடும் தேசிய ஆணையமும், அமெரிக்காவில் மாநிலத் துறைகள். நான் வாசிக்கும்போது முதலில் பார்ப்பது தேதியை. நாலு வருஷத்துக்கு முந்தைய 'சிறப்பு' என்ற மதிப்பீட்டுக்குப் பிறகு மேலாளரும் பாதி ஊழியர்களும் மாறியிருந்தால் அது வேறொரு மையத்தின் அறிக்கை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிறகு குறைகளைப் பார்க்க வேண்டும். குறையே இல்லாத அறிக்கையைத் தேடி அலைய வேண்டாம், நல்ல மையத்துக்கும் ஒன்றிரண்டு இருக்கும். குறையின் தன்மை என்ன, திரும்பத் திரும்ப வருகிறதா, சொன்ன தவணைக்குள் சரிசெய்தார்களா என்ற மூன்றும்தான் விஷயம். ஒரு கோப்பில் கையெழுத்து விடுபட்டது, அன்றைக்கே சரிசெய்யப்பட்டது என்றால் தாண்டிப் போகலாம். கண்காணிப்பில் குறை, அடுத்த ஆய்விலும் அதே விதி எண், அதற்கடுத்ததிலும் அதே விதி எண் என்றால் அந்த மையத்துக்கு விதி தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆள் போடவில்லை.

உரிமத்தின் வகையையும் பாருங்கள். நியூசிலாந்தில் புதிய மையங்களுக்கு முதலில் தகுதிகாண் உரிமம் தருவார்கள், பிறகு முழு உரிமம். முழு உரிமம் பெற்ற மையம் விதியை மீறினால் அதைத் தற்காலிக உரிமமாக மாற்றி, இன்னின்னதை இந்தத் தேதிக்குள் சரிசெய் என்று நிபந்தனை போடுவார்கள். தகுதிகாண் உரிமம் புதிய மையத்தின் இயல்பான நிலை. தற்காலிக உரிமம் அப்படியல்ல, அதைப் பார்த்தால் காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

குறை கண்ணில் பட்டால்

சின்னக் குறை என்றால் மையத்திலேயே சொல்வது நல்லது. எதிர்வினை எப்படி என்று கவனியுங்கள். "பார்க்கிறோம், இன்று மாலைக்குள் சொல்கிறோம்" என்று சொல்லி மாலையில் சொல்லவும் செய்கிற மையத்தை நம்பலாம். "இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்றால் அதுவும் ஒரு பதில்தான். புகார் தெரிவிக்கும் வழிமுறை எழுத்தில் இருக்க வேண்டும் என்று பல நாட்டு விதிகளே சொல்கின்றன, அதைக் கேட்டு வாங்கலாம்.

அதற்கும் சரிவராவிட்டால் உரிமம் தந்த அமைப்புக்கு எழுதலாம். "கண்காணிப்பு சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் ஆய்வாளருக்குப் பிடிமானம் எதுவும் கிடைக்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, கண்ணில் பட்ட குழந்தைகள் எத்தனை பேர், பெரியவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் அப்படி இருந்தது, மையத்தில் யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். மற்றக் குழந்தைகளின் பெயரோ படமோ வேண்டாம். குழந்தைக்கு யாரோ தீங்கு செய்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் என்றால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. மையத்தின் விளக்கத்துக்குக் காத்திருக்காமல் நேராகக் காவல்துறையையோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பையோ அழைக்க வேண்டும்.